யாரும் யாருடனும் பேசாத தெருவில் எங்கிருந்து தொடங்குவது?

மடிப்பாக்கத்தில் அறுபது வீடுகள் உள்ள ஒரு தெருவில் இரண்டு வருடமாக வாடகைக்கு இருப்பதாகவும், எதிர்வீட்டுக்காரர் பெயர்கூட இன்னும் தெரியாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். தெருமுனைக் காலி மனையில் குப்பை குவிகிறது, விளக்குகளில் பாதி எரிவதில்லை, சாயங்காலம் ஏழு மணிக்கே தெரு வெறிச்சோடிவிடுகிறது. குடியிருப்போர் நலச் சங்கம் ஒன்றைப் பதிவு செய்தால் இதெல்லாம் மாறுமா, சொந்த வீடு இல்லாத நான் அதை ஆரம்பிக்கலாமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சங்கப் பதிவு பற்றியது சுலபமானது, கடைசியில் சொல்கிறேன். முன்பின் அறியாதவர்கள் எப்படி ஒரு வேலையைச் சேர்ந்து செய்யத் தொடங்குவார்கள் என்பது மற்றொன்று. நீங்கள் உண்மையில் கேட்பது அதைத்தான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் நகரமைப்பு படித்தவள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தென்சென்னைத் தெருக்களில் குடியிருப்போர் குழுக்களோடு வேலை செய்து வருகிறேன். தனி வீடுகளும் ஆறு, எட்டு வீடுகள் கொண்ட சிறிய அடுக்குமாடிகளும் கலந்த தெருக்கள்தான் எனக்கு நன்றாகப் பழக்கம். காவலாளியும் பராமரிப்புக் கட்டணமும் உள்ள பெரிய வளாகங்களுக்கும், வாரியக் குடியிருப்புகளுக்கும் கணக்கே வேறு. நான் சொல்வதை அங்கே அப்படியே பொருத்த வேண்டாம். சட்டத்திலும் விதியிலும் இருப்பதை உறுதியாகச் சொல்கிறேன். நான் பார்த்ததிலிருந்து முடிவுக்கு வந்ததை என் கணிப்பு என்றே சொல்கிறேன்.

முதல் கணிப்பு இது: சங்கத்தை முதலில் ஆரம்பிக்காதீர்கள். பழகாதவர்களைக் கூட்டி வைத்து "தலைவர் யார், செயலாளர் யார்" என்று கேட்டால், ஏற்கெனவே செல்வாக்கு உள்ள நான்கு பேர் முன்னால் வருவார்கள், மற்றவர்கள் வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதன்பின் தெருவில் எது நடந்தாலும் நடக்காவிட்டாலும் "சங்கத்துக்காரங்க பாத்துப்பாங்க" என்ற பேச்சு வந்துவிடும். ரப்பர் ஸ்டாம்பும் லெட்டர் பேடும் இருந்து, ஆண்டுக்கு ஒருமுறை குடியரசு தினத்தன்று மட்டும் கூடுகிற சங்கங்கள் இந்த நகரத்தில் நிறைய. மாறாக, ஒரு சின்ன வேலையைச் சேர்ந்து செய்து முடித்த பத்துப் பேர் இருந்தால், பதிவு இல்லாமலேயே அது ஒரு அமைப்பு. யார் சொன்ன நேரத்துக்கு வருகிறார், யார் காசைக் கணக்காக வைத்திருக்கிறார், யார் கோபப்படாமல் பேசுகிறார் என்பது வேலையில்தான் தெரியும். பொறுப்பாளர்களை அப்போது தேர்ந்தெடுத்தால் சரியாக இருக்கும்.

அந்த முதல் வேலை எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தெருவே தன் கையால் முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். முடிந்ததும் போகிற வருகிறவர்கள் கண்ணில் பட வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. அதனால் யாருக்கும் இழப்பு வரக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கார் நிறுத்துவது, தெரு நாய், பக்கத்து வீட்டுச் சாய்தளம் தெருவில் நீட்டிக்கொண்டிருப்பது, இவற்றில் எதை முதலில் எடுத்தாலும் தெரு இரண்டாகப் பிரியும். பேசிப் பழகிய பிறகு தீர்க்க வேண்டிய விஷயங்கள் அவை. பேசிப் பழகுவதற்கான விஷயங்கள் அல்ல.

உங்கள் கடிதத்தில் இருப்பவற்றில் காலி மனையைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் நேரே துடைப்பத்தோடு போகாதீர்கள். ஒரு வாரம் சும்மா கவனியுங்கள். குப்பை எந்த நேரத்தில் விழுகிறது? நான் பார்த்த தெருக்களில் பெரும்பாலும் காலை ஏழிலிருந்து எட்டரைக்குள், வேலைக்குக் கிளம்புகிறவர்கள் வண்டியில் தொங்கவிட்டுக் கொண்டுபோய் வீசுவதுதான். ஏன் என்று கேட்டால் பதில் எளிது: மாநகராட்சியின் பேட்டரி வண்டி அவர்கள் தெருவுக்கு வருவது ஒன்பதரைக்கு. அப்போது வீட்டில் ஆள் இல்லை. ராத்திரி வைத்துவிட்டுப் போனால் நாய் கிழிக்கும். ஆக அங்கே குப்பை போடுகிறவரை அக்கறை இல்லாதவர் என்று தீர்ப்பளிப்பதற்கு முன்னால் வண்டியின் நேரத்தைப் பாருங்கள். இந்த விவரத்தை யாரைவிடவும் நன்றாகச் சொல்லக்கூடியவர் உங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அக்காதான். எந்த வீட்டில் பிரித்துத் தருகிறார்கள், எந்த வீட்டில் யாருமே கதவைத் திறப்பதில்லை, எந்தக் கடைக்காரர் இரவில் கொண்டுவந்து கொட்டுகிறார், எல்லாம் அவருக்குத் தெரியும். அவரிடம் பேசாமல் எந்தக் குப்பைத் திட்டமும் போடாதீர்கள். வேலை நேரத்தில் நிறுத்தி வைத்துப் பேசவும் வேண்டாம்.

அப்புறம் நான்கைந்து வீடுகளில் மட்டும் கதவைத் தட்டுங்கள். நோட்டீஸ் ஒட்டுவதும் வாட்ஸ்அப் குழு ஆரம்பிப்பதும் இப்போதைக்கு வேண்டாம். "மூலையில இருக்கிற மனைய ஞாயித்துக்கிழமை காலைல ஒரு ரெண்டு மணி நேரம் சுத்தம் பண்ணலாம்னு இருக்கோம், நீங்க வர முடியுமா" என்று நேரில் கேட்டால் மறுக்கச் சங்கடப்படுவார்கள், சிலர் நிஜமாகவே மகிழ்வார்கள். அந்த மனைக்கு உரிமையாளர் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் வேறு ஊரிலோ வெளிநாட்டிலோ இருப்பார், ஆனால் தெருவில் பழைய குடித்தனக்காரர் யாராவது ஒருவரிடம் அவர் எண் இருக்கும். அவர் சம்மதம் இல்லாமல் உள்ளே கால் வைக்க வேண்டாம். வேலி போடச் சொல்லி அவரைக் கேட்கலாம், அவர் செய்யாவிட்டால் மாநகராட்சி அவருக்கு அறிவிப்பு அனுப்பலாம். அள்ளிய குப்பையை எடுத்துப்போக அன்றைக்கு வண்டி வருமா என்பதை வார்டின் துப்புரவு ஆய்வாளரிடம் முந்தைய வாரமே உறுதி செய்துகொள்ளுங்கள். அள்ளிக் குவித்த மூட்டைகள் மூன்று நாள் தெருவிலேயே கிடந்தால் அடுத்த முறை ஒருவரும் வர மாட்டார்கள்.

சுத்தம் செய்த இடம் அடுத்த நாளே பழையபடி ஆகிவிடும், அந்த இடத்துக்கு வேறு ஒரு பயன் வராவிட்டால். சில தெருக்களில் அந்த மூலையில் தினமும் கோலம் போட்டார்கள், சில இடங்களில் இரண்டு சிமெண்ட் பெஞ்ச் வைத்தார்கள், ஒரு இடத்தில் கீரைக்காரம்மா கூடை வைத்து உட்கார இடம் கொடுத்தார்கள். மூன்றும் வேலை செய்ததைப் பார்த்திருக்கிறேன். சாமி படம் ஒட்டுவதை மட்டும் நான் ஆதரிப்பதில்லை. குப்பையை அது பத்தடி தள்ளித்தான் வைக்கிறது, அடுத்த வருடம் அங்கே வேறு பிரச்சினை முளைக்கும். கூடவே வண்டி நேரத்தை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். அது முடியாவிட்டால் வேலைக்குப் போகிறவர்களின் வாளிகளை வீட்டில் இருக்கும் ஒருவர் வண்டி வரும்போது எடுத்துக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். பிரித்துக் கொடுப்பதைப் பொறுத்தவரை சந்தேகத்துக்கு இடமில்லை: 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே, வீட்டிலேயே பிரித்துத் தருவது குடியிருப்பவரின் கடமை என்று வந்துவிட்டது.

சென்னைக்கு இது புதிய விஷயம் அல்ல. 1989-இல் வங்கி அதிகாரியாக இருந்த எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கம் இதே அடிப்படையில்தான் பரவியது. அதன் பலம் தெருவை அலகாக எடுத்துக்கொண்டதில் இருந்தது. ஊரையோ வார்டையோ அது எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு தெருக்காரர்கள் சேர்ந்து மாதாமாதம் ஒரு சிறு தொகை போட்டு, மூன்று சக்கர வண்டியோடு ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். அவர் வீடு வீடாகக் குப்பையை வாங்கி மாநகராட்சி எடுத்துப்போகும் இடத்தில் சேர்த்தார். பழைய பேப்பர் பொறுக்கிப் பிழைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த வேலை கிடைத்தது. தொண்ணூறுகளில் சென்னைத் தெருக்களில் அந்த வண்டிகளைப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். 2000-த்தில் நகரின் சில மண்டலங்களில் குப்பை அள்ளுவது தனியார் நிறுவனத்துக்குப் போய், வீட்டு வாசலுக்கே வண்டி வர ஆரம்பித்ததும் பல தெருக்களில் அந்தக் குழுக்கள் ஓய்ந்தன. குப்பை ஒன்றுக்காக மட்டும் கூடிய தெருக்கள் கலைந்தன. அதற்குள் மரம் வைத்து, விழா நடத்தி, ஒருவரையொருவர் வீட்டு விசேஷங்களுக்கு அழைக்கிற அளவுக்குப் பழகிவிட்ட தெருக்கள் வேறு வேலைக்கு நகர்ந்தன. இது ஆய்வு முடிவு அல்ல, நான் பார்த்த சில தெருக்களிலிருந்து சொல்வது. ஆனாலும் இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொரு உதாரணம் கராச்சியிலிருந்து. ஓராங்கி என்ற மாபெரும் குடியிருப்பில் 1980-இல் அக்தர் ஹமீத் கான் என்ற சமூகப் பணியாளர் ஒரு முன்னோடித் திட்டம் ஆரம்பித்தார். அங்கே அப்போது கழிவுநீர் சந்துகளில் திறந்து ஓடியது. அரசு வந்து குழாய் போடும் என்று மக்கள் காத்திருந்தார்கள். அவர் பணம் தரவில்லை. ஒரு சந்தில் இருக்கும் இருபது, முப்பது வீட்டுக்காரர்கள் சேர்ந்து, தங்களுக்குள் ஒருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுத்து, தாங்களே காசு வசூலித்து வந்தால், அளவெடுத்து வரைபடம் போட்டுக் கொடுத்து, கருவிகளும் யோசனையும் தருவோம் என்றார். வீட்டுக் கழிப்பறையும் சந்துக் குழாயும் மக்களின் பொறுப்பு, அவற்றை வாங்கிப் போகும் பெரிய கால்வாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு என்று கோடு போட்டுப் பிரித்தார்கள். ஒப்பந்ததாரர் இல்லாததால் செலவு பல மடங்கு குறைந்தது, பல்லாயிரக்கணக்கான வீடுகளுக்குக் கழிவுநீர்க் குழாய் வந்தது. நம் ஊரில் தெருக்காரர்கள் கழிவுநீர்க் குழாய் பதிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அது இங்கே சட்டப்படி முடியாது. இரண்டு விஷயங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிகிற அளவில்தான் இப்படிப்பட்ட கூட்டு வேலை நடக்கும். உங்கள் அறுபது வீடுகளே அதற்கு மேல்வரம்பு என்று நினைக்கிறேன், முதலில் உங்கள் பாதித் தெருவை மட்டும் எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை. எது நம் வேலை, எது அரசின் வேலை என்ற கோடு முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது இரண்டாவது.

அந்தக் கோடு சென்னையில் எங்கே இருக்கிறது என்பது பலருக்குக் குழப்பம். தெருவிளக்கு மாநகராட்சியுடையது, மின்வாரியத்துடையது அல்ல. மழைநீர் வடிகால் மாநகராட்சி, கழிவுநீரும் குடிநீரும் குடிநீர் வாரியம். மின்கம்பி, மின்பெட்டி, மின்தடை எல்லாம் மின்வாரியம். மாநகராட்சிப் புகார்களுக்கு 1913 என்ற எண் இருக்கிறது. உங்கள் எரியாத விளக்குகளுக்கு நான் செய்யச் சொல்வது இதுதான்: ஒரு இரவு இரண்டு பேராகத் தெருவில் நடந்து, ஒவ்வொரு கம்பத்தின் எண்ணையும் எழுதி, எரிகிறதா இல்லையா என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் வெவ்வேறு வீடுகளிலிருந்து, கம்ப எண்ணோடு, தனித்தனிப் புகாராகப் பதியுங்கள். "எங்க தெருவுல லைட்டே எரியல" என்ற ஒரு புகாரைவிடக் கம்ப எண்ணோடு வரும் ஏழு புகார்கள் சீக்கிரம் கவனிக்கப்படுகின்றன. புகார் எண்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து உதவிப் பொறியாளரைப் பார்க்கப் போகும்போது அந்த நோட்டுத்தான் உங்களுக்காகப் பேசும். அப்போதும் நகராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். அதை முதல் ஆயுதமாக எடுக்க வேண்டாம். தெருவுக்கு வரும் பொறியாளரும் மேஸ்திரியும் நாளைக்கு நமக்கு வேண்டியவர்கள்.

இந்த இடத்தில் சாலை போடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மடிப்பாக்கத்தில் இருப்பவருக்கு இது வெறும் விவரம் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் உங்கள் பகுதி எப்படி மூழ்கியது என்பது பழைய குடித்தனக்காரர்களைக் கேட்டால் தெரியும். பழைய தார்மேல் புதிய தார் போட்டுப் போட்டு, சாலை உயர்ந்து, வீடுகள் பள்ளத்துக்குப் போய்விட்டன. பழைய மேல்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று 2021-இல் தமிழக அரசு தெளிவாகவே அறிவுறுத்தியது. ஆனாலும் சாலை போடுகிற இரவில் தெருவில் நான்கு பேர் நின்று பார்த்தால்தான் அது நடக்கிறது. வேலை தொடங்கும் முன்பே நாலைந்து வீட்டு வாசல்படியிலிருந்து சாலை மட்டம் எவ்வளவு என்று அளந்து புகைப்படம் எடுத்து வையுங்கள். செலவில்லாத, சண்டையில்லாத, எல்லா வீட்டுக்கும் பயனுள்ள வேலை இது.

தெருக்காரர்களின் உழைப்பு எதுவரை போகும் என்பதற்கு உங்களுக்குப் பக்கத்திலேயே சிட்லபாக்கம் இருக்கிறது. அங்கே 'சிட்லபாக்கம் ரைசிங்' என்ற பெயரில் சேர்ந்தவர்கள் 2019 கோடையில், சென்னையே தண்ணீருக்குத் தவித்த நேரத்தில், வற்றிக் கிடந்த ஏரியில் தாங்களே இறங்கிச் சுத்தம் செய்தார்கள். அந்த வேலை ஏரியை மீட்டுவிடவில்லை. கழிவுநீர் கலப்பதையும் ஆக்கிரமிப்பையும் மண்வெட்டியால் தீர்க்க முடியாது. ஆனால் அதன்பின் அரசு அந்த ஏரிக்கு 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. மக்களின் உழைப்பு அரசின் கடமைக்கு மாற்றாகிவிடக் கூடாது, அரசை அங்கே வரவழைக்க வேண்டும் என்று நான் ஓயாமல் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. இதற்கென்றே 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. 1997-இல் வந்த பெயர், 2021-க்குப் பிறகு நகர்ப்புறத்துக்கு மறுபடி வந்தது. பூங்கா, விளையாட்டு மைதானம், நீர்நிலை போன்ற பொதுச் சொத்துக்குத் தெருக்காரர்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 1988 முதல் இதேபோன்ற ஒரு நிதியை நடத்துகிறது. அங்கே மக்கள் தரும் உழைப்பு நேரத்தையும் அவர்கள் பங்காகக் கணக்கிடுகிறார்கள். காசு இல்லாதவரும் சமமாகக் கலந்துகொள்ள அது வழி செய்கிறது, நம் திட்டத்திலும் அப்படி ஒன்று வந்தால் நல்லது என்பது என் நெடுநாள் ஆசை.

இதுவரை சொன்னது எல்லாம் குறைகளைச் சரிசெய்வது. நீங்கள் வெறிச்சோடிய சாயங்காலத்தைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள், உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் தொட்ட வரி அதுதான். தெரு உயிரோடு இருப்பது, ஆட்கள் வெளியே உட்காருவதற்குக் காரணம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. பழைய வீடுகளில் திண்ணை இருந்தது. இப்போது வாசலில் கேட்டும் கார் நிறுத்துமிடமும்தான். அதனால் உட்கார இடம் செய்துதர வேண்டும். இரண்டு பெஞ்ச், ஒரு எரிகிற விளக்கு, பக்கத்தில் ஒரு டீக்கடையோ இஸ்திரி வண்டியோ இருந்தால் போதும், பெரியவர்கள் தானாக வருவார்கள். பெரியவர்கள் உட்கார்ந்தால் தாய்மார்கள் குழந்தைகளை வெளியே விடுவார்கள். 2014-இல் பெசன்ட் நகரில் ஞாயிறு காலைகளில் கடற்கரைப் பக்கத்து அவென்யூவில் வண்டிகளை நிறுத்திவிட்டுக் குழந்தைகளை விளையாட விட்டார்கள். அவ்வளவு பெரிதாக உங்களுக்குத் தேவையில்லை, பெரிதாகச் செய்யக் காவல்துறை அனுமதியும் வேண்டும். ஒரு ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் எல்லோரும் வண்டிகளை உள்ளே எடுத்து வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குத் தெருவை விட்டுக்கொடுத்தால், அந்த இரண்டு மணி நேரத்தில் நடக்கும் பேச்சு எந்தச் சங்கக் கூட்டத்திலும் நடக்காது.

மார்கழி இதற்கு நல்ல மாதம். மயிலாப்பூரில் ஜனவரியில் நடக்கும் விழாவில் வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி வைக்கிறார்கள், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் தரையில் உட்கார்ந்து கோலம் போடுவதைப் பார்க்க ஊரே வருகிறது. ஒரு தெருவில் செய்யும்போது போட்டியும் பரிசும் வேண்டாம் என்பேன். வீட்டுக்கு வீடு இடைவெளி விடாமல் தெரு நீளத்துக்கும் ஒரே கோலமாகப் போடச் சொன்னால், பக்கத்து வீட்டோடு பேசாமல் போட முடியாது. கோலம் போடத் தெரியாதவர்கள், போடும் வழக்கம் இல்லாத வீட்டுக்காரர்கள், ஆண்கள், பிள்ளைகள் வண்ணம் நிரப்பலாம்.

மரம் நடுவதை எல்லோரும் முதலில் சொல்வார்கள், அதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. அழகுக்காக நட்ட மயில்கொன்றை, பெருங்கொன்றை போன்றவை நிறையவே விழுந்தன. புங்கன், பூவரசு, வேம்பு போன்ற நம் மண்ணின் மரங்களை நடச் சொல்கிறார்கள் அனுபவமுள்ளவர்கள். என் பார்வையும் அதுதான். ஆனால் அவையும் வேரைச் சுற்றி சிமெண்ட் பூசினால் நிற்காது. மின்கம்பிக்கு நேர் கீழே எதையும் நடாதீர்கள், மூன்றாம் வருடமே வெட்டிவிடுவார்கள். ஒரு மரத்துக்கு ஒரு வீடு என்று இரண்டு கோடைகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் சொன்ன பிறகு குழி தோண்டுங்கள். கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் குப்பை கொட்டிக் கிடந்த இடத்தை 2006-இலிருந்து 'நிழல்' என்ற மரப் பாதுகாப்பு அமைப்பினரும் தன்னார்வலர்களும் மரப் பூங்காவாக மாற்றியதைப் போய்ப் பாருங்கள். அது வளர்ந்தது நட்ட நாளால் அல்ல, ஞாயிறுதோறும் வந்தவர்களால்.

இப்போது, நான் மிகவும் கவலைப்படுகிற விஷயம். தெருவை மேம்படுத்துவது என்ற பெயரில் சிலரை வெளியேற்றுவதும் நடக்கிறது. இஸ்திரி வண்டியை எடுக்கச் சொல்வது, இளநீர்க்காரரை விரட்டுவது, பக்கத்துக் குப்பத்துப் பிள்ளைகள் பூங்காவுக்கு வரக் கூடாதென்று பூட்டுவது, தெருமுனையில் கேட் போடுவது. பொதுத் தெருவைக் கேட் போட்டு அடைக்க எந்தச் சங்கத்துக்கும் உரிமை இல்லை. தெருவோர வியாபாரிகளுக்கு 2014-ஆம் ஆண்டின் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், பகல் முழுதும் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அந்த இஸ்திரி அக்காதான். அவரையும் வீட்டு வேலைக்கு வருகிறவர்களையும் வாட்ச்மேன் குடும்பத்தையும் தெருவின் ஆட்களாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மதமும் சாதியும் தெருக்களில் மெதுவாகத்தான் உள்ளே வரும், பெரும்பாலும் வசூல் நோட்டின் வழியாக. கோயில் விழாவுக்கோ வேறு வழிபாட்டுக்கோ யார் வேண்டுமானாலும் தனியாக வசூலிக்கட்டும். தெருப் பணம் அதோடு ஒருபோதும் கலக்கக் கூடாது. எல்லா வீடும் வரக்கூடிய நாளாகப் பொங்கலையோ புத்தாண்டையோ வைத்துக்கொள்ளுங்கள்.

எதை உறுதியாகச் சொல்ல முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். தெருக்காரர்கள் பழகினால் திருட்டு குறையுமா என்று கேட்பார்கள். குறைந்ததாகச் சொன்ன தெருக்கள் உண்டு, ஆனால் அதே நேரத்தில் விளக்கும் கேமராவும் வந்திருக்கும். எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாததால் அந்த வாக்குறுதியை யாருக்கும் கொடுக்காதீர்கள். சென்னைக் காவல்துறை 'மூன்றாவது கண்' என்று ஊக்குவித்ததால் பல தெருக்களில் வசூல் செய்து கேமரா வைத்தார்கள். பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காத இடங்களில் அவை இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை. இந்த முயற்சிகள் பெரும்பாலும் இரண்டு மூன்று பேரின் உழைப்பில் ஓடுகின்றன, அவர்கள் வீடு மாறினால் தேய்ந்துவிடுகின்றன என்பதும் உண்மை. அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து, பொறுப்பை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கைமாற்றுவது. அது எல்லா இடத்திலும் பலித்தது என்று சொல்ல மாட்டேன். வாட்ஸ்அப் குழு தேவைப்படும் காலம் வரும்போது, தெரு விஷயம் தவிர எதுவும் வரக் கூடாது என்ற விதியோடு ஆரம்பியுங்கள். அரசியல் செய்தியும் காலை வணக்கமும் புகுந்த குழுவில் தண்ணீர் லாரி வரும் நேரத்தை ஒருவரும் படிப்பதில்லை. நாய்கள் விஷயத்தில் 2023-ஆம் ஆண்டின் விதிகள் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து அதே இடத்தில் விடச் சொல்கின்றன, உணவளிக்கும் இடத்தைக் குடியிருப்போர் அமைப்பு பேசி முடிவு செய்யச் சொல்கின்றன. 2025 முதல் உச்ச நீதிமன்றமும் இதில் உத்தரவுகள் போட்டு வருவதால், முடிவெடுக்கும் நேரத்தில் நடைமுறையில் எது இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சங்கப் பதிவு எப்போது? மாதாமாதம் பணம் கைமாறத் தொடங்கும்போது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஏழு பேர் இருந்தால் மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். துணைவிதிகள் எழுத வேண்டும், ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டிக் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் தாக்கல் செய்ய வேண்டும். பலர் முதல் வருடத்தோடு இதை விட்டுவிடுகிறார்கள், பிறகு வங்கிக் கணக்கை இயக்கும்போதுதான் சிக்கல் தெரிகிறது. துணைவிதியில் உறுப்பினர் யார் என்ற வரியைக் கவனமாக எழுதுங்கள். "வீட்டு உரிமையாளர்" என்று எழுதினால் தெருவில் பாதிப் பேர் வெளியே நிற்பார்கள். "குடியிருப்பவர்" என்று எழுதுங்கள்.

அதுவே உங்கள் கடைசிக் கேள்விக்கும் பதில். வாடகைக்கு இருப்பவர் தாராளமாகத் தொடங்கலாம், எனக்குத் தெரிந்த சில நல்ல தெருக்குழுக்களைத் தொடங்கியவர்கள் வாடகைக்கு இருந்தவர்கள்தான். நெடுநாளாக அந்தத் தெருவிலேயே இருக்கும் ஒருவரைக் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள், கதவுகள் சுலபமாகத் திறக்கும். இன்னொன்று, 2022-இல் வந்த விதிகளின்படி நகரங்களில் வார்டு குழுக்களும் அவற்றின் கீழ் பகுதி சபைகளும் இருக்கின்றன. கிராம சபைபோல மக்கள் நேரில் போய்ப் பேசும் இடம் அது, கவுன்சிலரும் அதிகாரிகளும் வருவார்கள். அங்கே உங்கள் குரலுக்கு அடிப்படை வாக்காளர் பட்டியல், சொத்துப் பத்திரம் அல்ல. உங்கள் ஓட்டு இன்னும் பழைய முகவரியிலேயே இருந்தால் படிவம் 8 கொடுத்து இந்தத் தெருவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த பகுதி சபை எந்தத் தேதி என்று வார்டு அலுவலகத்தில் கேட்டு, அந்தக் கம்ப எண் நோட்டோடு மூன்று நான்கு பேராகப் போங்கள்.